இலக்கணமும் வாசிப்பும்: கல்முனைக் கரையில் ஆங்கிலம் கற்ற வரலாறு

ஓர் அந்நிய மொழி ஒரு மக்கட் கூட்டத்தினரிடம் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதை ஆராயாமல், அம்மக்கள் அதனை ஏன் தயங்கித் தயங்கிக் கற்றனர் என்பதை விளங்கிக்கொள்ள இயலாது. இலங்கையின் கிழக்குக் கரையில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்களைப் பற்றி நெடுங்காலமாக ஒரு தீர்ப்புச் சொல்லப்பட்டு வந்துள்ளது. மதப்பற்று மிகுந்தவர்கள், வயலே கதியென்று கிடந்தவர்கள். ஆகையால் ஆங்கிலத்திற் பின்தங்கினர் என்பதே அத்தீர்ப்பு. சொல்வதற்கு எளிதாக இருப்பதால் அது பலராலும் ஏற்கப்பட்டுவிட்டது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலோ, குற்றம் கற்றவரிடத்தில் மட்டும் இல்லை, கற்பித்த முறையிலும், கற்பித்தவரின் நோக்கத்திலும் பெரும்பங்கு இருந்தது என்பது தெளிவாகும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கு நோக்கி நீளும் இக்கரையின் ஒருபுறம் கடல். மறுபுறம் சம்மாந்துறை வரையிலும் அதற்கு அப்பாலும் விரிந்து கிடக்கும் நெல்வயல். 1961ஆம் ஆண்டு வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நிலமுடைய போடியாரும், அவரது வயலில் உழைத்த விவசாயியும், மருதமுனையின் நெசவாளியும், கரைவலை இழுத்த மீனவனும் பேசிய மொழி தமிழ். அவர்கள் தொழுகைக்கும் ஓதலுக்கும் பயன்படுத்தியது அறபு. இவ்விரண்டுக்கும் நடுவே ஆங்கிலம் ஏறக்குறைய 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இடமின்றி வெளியிலேயே நின்றது.

இம்மக்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். குர்ஆன் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இளமையிலேயே அறபு எழுத்தைக் கூட்டி ஓதப் பழகினர். அதுமட்டுமன்று, அறபு எழுத்துக்களிலே தமிழை எழுதும் அறபுத் தமிழ் என்னும் மரபும் தமிழக, இலங்கை முஸ்லிம்களிடையே வேரூன்றியிருந்தது. தமிழுக்கே உரிய ஒலிகளை எழுதுவதற்கு அறபு எழுத்துக்களிற் சில குறிகளைச் சேர்த்து, மார்க்கச் சட்டங்களையும் பாடல்களையும் அவ்வெழுத்திலே படித்தனர். அந்நிய எழுத்தொன்றை எடுத்துத் தம் தாய்மொழிக்கு ஊழியஞ் செய்ய வைத்த மக்களை, மொழி கற்கும் ஆற்றல் அற்றவர்கள் என்று எவ்வாறு கூறமுடியும்?

ஆங்கிலம் இக்கரைக்கு வந்த வழியைப் பார்ப்போம். 1814ஆம் ஆண்டு வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கையில் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் அவ்வாண்டே மட்டக்களப்பை அடைந்து பாடசாலை தொடங்கினார். மறு ஆண்டே அவர் நோயுற்று இறந்தார். எனினும் அவர் விதைத்த கல்விப்பணி நிலைத்தது. அதன் நன்மையை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அப்பாடசாலையின் கதவுக்குப் பின்னால் வேதாகமமும் இருந்தது. எழுத்தறிவும் மதமாற்றமும் ஒரே கையால் நீட்டப்பட்டபோது, பிள்ளையின் ஈமானைக் காக்க விரும்பிய தகப்பன் பாடசாலையையே தவிர்த்தான். இதனை அறியாமை என்பதிலும் பார்க்க, வேறு வழி காட்டப்படாதவனின் தற்காப்பு என்பதே பொருந்தும்.

1833ஆம் ஆண்டைய கோல்புறூக் சீர்திருத்தங்கள் ஆங்கிலத்துக்கு இன்னொரு முகத்தைக் கொடுத்தன. நிருவாகச் செலவைக் குறைப்பதற்குச் சுதேசிகளை உத்தியோகத்தில் அமர்த்த வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் தருக்கம். ஈராண்டுகளின் பின் இந்தியாவில் மக்காலே எழுதிய குறிப்பின் நோக்கமும் இதற்கு அண்மியதே. இதன் விளைவாக இலங்கையில் இருவகைப் பாடசாலைகள் தோன்றின. கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகள் உத்தியோகத்துக்கும் உயர்தொழிலுக்கும் வழிவிட்டன. கட்டணமில்லாத சுயமொழிப் பாடசாலைகள் பிள்ளையைத் திரும்பவும் வயலுக்கே அனுப்பின. மதம் ஒரு வேலி என்றால், கட்டணம் அதனினும் உயர்ந்த மதில். வேலியைப் பற்றி எழுதியோர் பலர். மதிலைப் பற்றி எழுதியோர் சிலரே.

வேலியைத் தாண்டுவதற்கு முஸ்லிம்களிடமிருந்தே ஒரு வழி பிறந்தது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை 1882ஆம் ஆண்டு ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழிலே தொடங்கினார். 1883இல் பிரித்தானியரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் ஊக்கம் அவருக்குத் துணையாயிற்று. மார்க்கக் கல்வியும் நவீன கல்வியும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்ற அவரது முயற்சியே 1892இல் கொழும்பு மருதானையிற் பின்னாளில் சாஹிறாக் கல்லூரியாக மலர்ந்த பாடசாலைக்கு அடிகோலியது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டு வந்த ஒருவர், அந்த ஏகாதிபத்தியத்தின் மொழியைக் கற்கும்படி இம்மக்களைத் தூண்டினார் என்பது சிந்திக்கத்தக்கது. எதிரியின் மொழியை அறிவது வேறு. எதிரிக்கு அடிமைப்படுவது வேறு.

ஆனால் மருதானை கல்முனையிலிருந்து வெகு தூரம். இக்கரையில் ஆங்கிலம் என்ன செய்யக்கூடும் என்பதைக் காட்டியவர் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் பயின்ற அவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதப் பட்டத்தையும் பெற்றார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் கற்று, அவற்றைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்து, ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலைத் தந்தார். ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கான உரிமைச்சீட்டாக மட்டும் கொண்டிருந்தால் அந்நூல் பிறந்திராது. அவர் ஆங்கிலத்தை வாசித்தார். வாசித்ததைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசினர். உணவுத் தட்டுப்பாடு நாட்டை அச்சுறுத்தியது. கிழக்கின் நெல்லை நம்பிய அரசாங்கம், சிவில் சேவையிற் சேர்ந்த முதலாவது முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸைக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பியது. நெற்செய்கையைப் பெருக்கச் சென்ற அவர் கண்டது, நெல்லை விளைவித்த மக்களின் பிள்ளைகள் உயர்கல்வியின் வாசலைக்கூடக் காணாத நிலையை. விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும், கல்முனை மக்களிடையே அவர் தொடங்கிய கல்வி முயற்சிகளும் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றுவதற்கு வழிவகுத்தன. அறிவுடைய பிள்ளைக்குக் கட்டணம் தடையாகக் கூடாது என்பதே அந்நிதியின் அடிப்படை. 1948இல் சிவில் சேவையைத் துறந்து சாஹிறாவின் அதிபரானார் அஸீஸ். வேலி மட்டுமன்று, மதிலும் இருந்தது என்பதைக் கண்டறிந்து செயற்பட்டவர் அவர்.

மதிலை இடித்த பெருஞ்செயல் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயர் அதனோடு என்றென்றும் இணைந்திருக்கும். அடுத்து, தாய்மொழிமூலக் கல்வி தொடக்க வகுப்புகளிலிருந்து படிப்படியாக மேலே சென்றது. நாடு சுதந்திரம் பெற்றபோது நூற்றுக்குப் பத்துப்பேர்கூட ஆங்கிலம் அறிந்திராத சமுதாயத்தில், இது சனநாயகத்தின் அடிப்படைத் தேவை. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் தமிழ் பேசும் மக்களுக்கு இழைத்த அநீதியைச் சுட்டிக்காட்டும் நாம், தாய்மொழிக் கல்வியையும் அச்சட்டத்தையும் ஒன்றாகக் கருதும் பிழையைச் செய்யலாகாது. கல்முனைக் கரையின் முதற் பட்டதாரித் தலைமுறை உருவானது தமிழ்மூலக் கல்வியினாலேயே. ஆங்கில மூலத்தைத் தெரிவுசெய்யும் உரிமை முஸ்லிம்களுக்குச் சில காலம் விடப்பட்டிருந்தது. ஆனால் ஆங்கிலத்திற் கற்பிக்க ஆசிரியர் இல்லாத ஊரில் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே.

இவ்விடத்திலேதான் நமது விசாரணையின் மையம் இருக்கின்றது. ஆங்கிலம் போதனாமொழியாக இருந்த நிலை போய், ஒரு பாடமாயிற்று. அப்பாடம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது?

பழைய ஆங்கிலப் பாடசாலையின் இலக்கணமே புதிய வகுப்பறைக்கும் வந்தது. நெஸ்பீல்டின் இலக்கணமும், 1930களில் வெளிவந்த ரென் அன்ட் மார்ட்டின் நூலும் இந்தியத் துணைக்கண்டத்திலும் இலங்கையிலும் இரண்டு மூன்று தலைமுறைகளை ஆண்டன. ஐரோப்பாவில் இலத்தீன் மொழியைக் கற்பிக்க எழுந்த முறையின் வாரிசுகள் அவை. சொற்களை எட்டு வகையாகப் பிரித்தல், வாக்கியத்தைக் கூறுபடுத்தல், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கல், நேர்கூற்றை அயற்கூற்றாக்கல் என்பன அவற்றின் பயிற்சிகள். இப்பயிற்சிகள் வீணானவை என்று கூறவில்லை. வீட்டிலே ஆங்கிலம் பேசிய பிள்ளைக்கு அவை தான் அறிந்ததை ஒழுங்குபடுத்த உதவின. ஆங்கில வாக்கியம் ஒன்றையேனும் காதாற் கேளாத பிள்ளைக்கோ, நீர் இல்லாத குளத்தில் நீந்தக் கற்பிப்பது போலாயின. பதினொரு ஆண்டு பாடசாலை சென்றும் ஒரு பத்திரிகைச் செய்தியை வாசித்து விளங்க முடியாத மாணவர் உருவாயினர். விதியை ஒப்புவிப்பர், வாக்கியத்தைக் கண்டால் திகைப்பர்.

இலக்கணத்தைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. இப்பிள்ளை ஏற்கெனவே அறிந்ததிலிருந்து இலக்கணம் தொடங்கவில்லை என்பதே குறை. சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

தமிழிலே பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னே நிற்கும். ‘நேற்று மருதமுனையிற் புடைவை விற்ற மனிதர்’ என்கிறோம். ஆங்கிலத்தில் மனிதர் முதலில் வருவார். அவர் எவ்விடத்தில், என்றைக்கு, எதை விற்றார் என்பதெல்லாம் அவருக்குப் பின்னே வரிசையாக வரும். இந்த ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால், நீண்ட ஆங்கில வாக்கியத்தைக் கண்டு மாணவன் கொள்ளும் அச்சம் பாதி நீங்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலிலே ஒட்டும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சிறு சொல் பெயருக்கு முன்னே நிற்கும். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள் என்று ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விகுதி வைத்துப் பேசும் தமிழ்ப் பிள்ளை, ஆங்கில நிகழ்கால வினையில் அவன், அவள், அது என்பவற்றுக்கு மட்டும் சேரும் ‘ஸ்’ ஒலியைக் கண்டு ஏன் மிரள வேண்டும்? முன்பு ஆங்கிலத்துக்கும் பல விகுதிகள் இருந்தன. அவை உதிர்ந்து எஞ்சிய ஒன்றே அது என்று சொன்னால், மறவாமல் நினைவிற் கொள்வான்.

இன்னும் ஒன்று. ‘த’ என்னும் ஆங்கிலச் சுட்டுச்சொல் தமிழருக்குத் தீராத் தொல்லை; தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. ஆனால் கல்முனைப் பிள்ளை ஐந்து வயதிலிருந்தே அறபின் ‘அல்’ என்பதை நாள்தோறும் உச்சரிக்கின்றது. ‘கிதாபு’ என்பது ஏதோ ஒரு நூல். ‘அல்கிதாபு’ என்பது நாம் அறிந்த அந்த நூல். எல்லா இடங்களிலும் இரண்டும் ஒத்து நடப்பதில்லை. எனினும் வாசலைத் திறக்க இந்த ஒப்புமை போதும். குர்ஆன் பள்ளியில் ஓதிய பிள்ளையிடம் இருந்த இச்செல்வத்தை ஆங்கில வகுப்பறை எண்ணிப் பார்க்கவில்லை. அப்பள்ளியைப் பின்தங்கியதென்று ஒதுக்கிய மனப்பான்மை, அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதையும் ஒதுக்கிவிட்டது.

கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. ஓதலிலே நீட்டவும் குறுக்கவும் மறைக்கவும் நுணுக்கமான விதிகள் உள்ளன. சிறு பிள்ளை அவ்விதிகளின் பெயர்களைக் கற்று ஓதத் தொடங்குவதில்லை. ஓதுபவரின் வாயைப் பார்த்து, கேட்டு, ஓதி, திருத்தப்பட்டுப் பழகுகின்றது; விதியின் பெயர் பின்னரே வருகின்றது. பயிற்சி முன், இலக்கணம் பின் என்னும் இவ்வொழுங்கு மொழி கற்பித்தலில் மிகப் பழைய அறிவு. ஆனால் அறபு மொழி அறியாப் பிள்ளைக்கு ஓதல் பொருள் விளங்காமலேயே நடைபெற்றது என்பதும் உண்மை. ஆங்கில வகுப்பறை செய்தது யாது? ஓதற்பள்ளியின் பயிற்சியொழுங்கைத் தள்ளிவிட்டு, பொருள் விளங்காமல் ஒப்புவிக்கும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

கல்முனையைப் போலவே நெல்லும் நீரும் முஸ்லிம் உழவர்களும் நிறைந்த இன்னொரு நாடு கிழக்கு வங்காளம். அங்கே டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இதே கேள்வியை 1920களிலேயே எழுப்பினார். வங்காளப் பிள்ளைகளிற் பலர் இடையிலே படிப்பை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தும் நாளில் அவர்கள் கையில் எஞ்ச வேண்டியது எது என்று அவர் ஆராய்ந்தார். வாசிக்கும் ஆற்றலே என்பது அவரது விடை. கற்கத் தொடங்குவோருக்கான வாசிப்பு நூல்களை ஆராய்ந்து, அவற்றிலே அரிய சொற்கள் நெருக்கமாகக் குவிந்து கிடப்பதைக் கண்டார். அடிக்கடி வழங்கும் சொற்களை முதலில் வைத்து, புதிய சொற்களை இடைவெளி விட்டுத் தூவி, கதைகளாக எழுதிய வாசகங்களை வெளியிட்டார். பிற்காலத்தில், 1953இல், ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்ட பொதுச்சொற் பட்டியலையும் தந்தார்.

வெஸ்ட் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தர். வாசித்தால் மட்டும் போதும் என்பது சுதேசியை ஊமையாக வைத்திருக்கும் திட்டம் என்று ஐயுறுவதில் நியாயமுண்டு. பேசவும் எழுதவும் வல்லவனே எதிர்த்து வாதாட முடியும். எனினும் அவரது கேள்வியை நாம் நமது கேள்வியாக்கிக்கொள்ளலாம். விவசாயியின் மகள் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தினால், அவளிடம் எஞ்சுவது என்ன? பாடசாலையை விட்ட மறு ஆண்டில் மறந்துபோகும் விதிகளா? வாழ்நாள் முழுவதும் தானே வளர்த்துக்கொள்ளக்கூடிய வாசிப்புத் திறனா?

இது வெறும் கல்விமுறை விவகாரமன்று. தென்னிலங்கையின் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் ‘கடுவ’, அதாவது வாள். வாளைப் பிடித்திருப்பவன் ஒருவன், வெட்டப்படுபவன் வேறொருவன். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. இணைக்கும் மொழி நடைமுறையிற் பிரிக்கும் மொழியாகவும் இருக்கின்றது. வயற்காணி பற்றிய வழக்கொன்று மேல்நிலை நீதிமன்றங்களுக்குச் சென்றால், அதன் பத்திரங்கள் ஆங்கிலத்தில் நகரும். காணிக்குரியவன் தன் வழக்கின் கதையைத் தானே வாசிக்க முடியாதவனாக நிற்பான். 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடாவுக்கு உழைக்கச் சென்ற ஆண்களும் பெண்களும் அறபிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒப்பந்தங்களிற் கையொப்பமிட்டனர். 2004 டிசம்பர் 26இல் கடல் இக்கரையை விழுங்கி, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அதன்பின் உதவியோடு வந்த வெளிநாட்டு நிறுவனங்களின் அறிக்கைகள் ஆங்கிலத்திலே எழுதப்பட்டன. வீடிழந்தவர் தமது இழப்பைப் பற்றி எழுதப்பட்டதைக்கூட இன்னொருவர் வாயாற் கேட்க வேண்டியதாயிற்று. வாசிக்கத் தெரியாதவனுக்கும் ஆவணத்துக்கும் நடுவே எப்பொழுதும் ஒரு தரகன் நிற்கின்றான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறமுடியாது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் சில பாடசாலைகளில் ஆங்கிலமூல வகுப்புகள் மீண்டும் திறந்தன. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒலுவிலில் அமைந்துள்ள, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையின் பெரும் பேறு. ஆனால் தமிழிலே விஞ்ஞானம் கற்று அதன் விஞ்ஞான, பொறியியற் பீடங்களுக்குச் செல்லும் மாணவர், ஆங்கில நூலை முதன்முறையாக வாசிக்க வேண்டிய கட்டாயத்துக்கு அங்கேதான் உள்ளாகின்றனர். பதின்மூன்று ஆண்டுகளில் நடந்திருக்க வேண்டியதை முதலாம் ஆண்டின் சில மாதங்கள் செய்து முடிக்குமா? பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பிரத்தியேக வகுப்பு உண்டு. மதில் இடிந்த இடத்தில் மீண்டும் கல் அடுக்கப்படுகின்றது. இம்முறை அதற்குக் கட்டணமில்லாப் பாடசாலைக்கு வெளியே கட்டணம் அறவிடப்படுகின்றது.

ஆகவே செய்ய வேண்டியது யாது? தாய்மொழிக் கல்வியைக் கைவிடுவதன்று. தமிழில் நன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளையே வேற்றுமொழியையும் வாசிக்கும். கருத்தைத் தேடி வாசிக்கும் பழக்கம் ஒருமுறை கற்றாற் போதும், அது மொழிக்கு மொழி கூடவே செல்லும். ஆங்கில வகுப்பில் ஒவ்வொரு நாளும் பத்து நிமிடமேனும் விளங்கக்கூடிய எளிய கதையொன்று வாசிக்கப்படட்டும். அக்கதையில் எழும் ஐயத்துக்கு விடையாக இலக்கணம் வரட்டும். தமிழோடும், ஓதிய அறபோடும் ஒப்பிட்டு அது விளக்கப்படட்டும். ஊர் நூலகங்களில் பரீட்சை வழிகாட்டிகளுக்குப் பக்கத்தில் எளிய ஆங்கிலக் கதைநூல்கள் வைக்கப்படட்டும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் வாசிப்பு வட்டங்களை நடத்தட்டும். இதற்கு ஒரு சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்முனை மக்களோடு கூடிச் செயற்பட்ட அஸீஸின் முயற்சிகளும் சுற்றுநிருபத்தாற் பிறந்தவை அல்ல.

ஆங்கிலத்தைத் தெய்வமாக்கித் தொழவும் வேண்டாம். பேயாக்கி ஓட்டவும் வேண்டாம். அறபு எழுத்தை எடுத்துத் தமிழ் எழுதிய மக்களின் வழித்தோன்றல்கள் ஆங்கிலத்தையும் தமது தேவைக்குப் பணியவைக்க வல்லவர்கள். அவர்கள் கையிற் கொடுக்க வேண்டியது விதிகளின் பட்டியலை மட்டுமன்று, வாசிக்கத்தக்க நூலையும் ஆகும். தன் காணிப் பத்திரத்தைத் தானே வாசிக்கும் விவசாயியையும், தன் ஒப்பந்தத்தைத் தானே வாசித்து ‘இதற்கு உடன்படேன்’ என்று சொல்லும் உழைக்கும் பெண்ணையும் உருவாக்காத ஆங்கிலக் கல்வி, எத்தனை பேரைப் பரீட்சையிற் சித்தியடையச் செய்தாலும், இக்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.